பாவத்தில் பங்கில்லை, அன்பில் உண்டு

சிறை சென்றவருடன் தொடர்ந்து உறவு கொள்வது தர்மமா? தொடர்பு கொண்டால் குற்றத்திற்குத் துணைநின்றதாகுமோ என்று ஒருபுறம் மனம் அஞ்சுகிறது. கைவிட்டால் பாசத்திற்குத் துரோகம் செய்ததாகுமோ என்று மறுபுறம் கலங்குகிறது.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் பாரதச் சிறைகளில் 5,73,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். நீதிமன்றமே இன்னும் தீர்ப்புக் கூறாத ஒருவருக்கு உறவினர் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதுவது முறையாகுமா?

சரி, குற்றம் உறுதியானவரை என்ன செய்வது? கொள்ளையன் ரத்னாகரனின் கதையை நாம் அறிவோம். ‘உன் பாவத்தில் குடும்பத்தார் பங்கு கொள்வார்களா? கேட்டு வா’ என்றார் நாரதர். ‘மாட்டோம்’ என்றனர் அவர்கள். சரியான விடையே, அவரவர் வினை அவரவர்க்கு. நாரதரும் அப்பாவத்தில் பங்கு கொள்ளவில்லை, அதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆயினும் அவர் முகம் திருப்பிச் செல்லவில்லை. இரண்டே எழுத்துகளாலான ஒரு சொல்லை அவனுக்குத் தந்தார். அதைப் பற்றிக்கொண்டு அவன் வால்மீகியானான். பாவத்தில் பங்கு கொள்ளாமலே அன்பைத் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவின் பல சிறைகளில், அதிகாரிகளின் கண்காணிப்புக்கு உட்பட்டு, உறவினர் கட்டணம் செலுத்திக் கைதிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடிகிறது. நம் நாட்டில் கைதிகள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. எனினும் கடிதம் உண்டு, நேர்காணல் உண்டு, பல சிறைகளில் தொலைபேசி வசதியும், ‘இ-முலாகாத்’ என்னும் காணொலிச் சந்திப்பும் உள்ளன. வழி எதுவாயினும், சொல் சிறிதாக இருக்கலாம். ஆனால் தவறாமல் வரவேண்டும். 1930-இல் எரவாடா சிறையிலிருந்து காந்தியடிகள் தம் ஆசிரமத்தினருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதி, சத்தியம், அகிம்சை முதலிய விரதங்களை விளக்கினார். உள்ளிருந்தவர் வெளியே இருந்தவர்களைத் தாங்கிய ஒழுங்கு அது. வெளியே இருக்கும் நமக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

என்ன எழுதுவது? ‘நீ செய்தது தவறே இல்லை’ என்பது பொய். ‘உன்னால் தலைகுனிந்தோம்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது இரண்டாவது தண்டனை. ‘அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. விளக்கேற்றும்போது உன்னை நினைத்தோம்’ என்பது போதும். அவரால் துன்புற்றவர்களையும் அதே பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்வோம். அவர்களை மறந்த அன்பு வெறும் பற்றாகவே முடியும்.

தண்டிப்பது சட்டத்தின் கடமை. தண்டனைக் காலம் முடிந்து வெளிவருபவர் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்குமா என்பதோ நம் கையில் உள்ளது. எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகிறான் என்று நாள்தோறும் சொல்கிறோம். சிறைச்சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு நாம் எழுதும் ஒரு வரியில் அச்சொல் மெய்யாகட்டும்.