நலமும் இன்பமும்: வானொலி நிலையப் பொறுப்பாளரின் அறம்

அகில இந்திய வானொலியின் குறிக்கோள் வாசகம் ‘பகுஜன ஹிதாய, பகுஜன சுகாய’ என்பது. பலரின் நலத்துக்காகவும் பலரின் இன்பத்துக்காகவும் புறப்படுங்கள் என்று புத்தர் தம் முதல் அறுபது சீடர்களை அனுப்பியதாக விநய பிடகம் கூறுகிறது. வாசகம் அங்கிருந்து வந்தது. நலமும் இன்பமும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. கடோபநிடதம் அவற்றைப் பிரிக்கிறது. நல்லது வேறு, இனியது வேறு, அறிவுள்ளவன் முன்னதைத் தேர்வான் என்று நசிகேதனுக்கு எமன் சொல்கிறான். ஆனால் நசிகேதன் தேர்ந்தது தனக்காக. வானொலி நிலையத்தை நடத்துபவர் தேர்வதோ முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்காக. அவர்களைக் கேட்காமல் அவர்களுக்கு எது நல்லது என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

உரிமை இருப்பதாகவே நம்பியவர் பி.வி. கேஸ்கர். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான அவர், சாஸ்திரிய சங்கீதமே மக்களுக்கு நல்லது என்று கருதித் திரைப்பாடல்களை ஒதுக்கினார். நேயர்கள் வாதாடவில்லை, இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித பாரதி என்னும் பொழுதுபோக்கு ஒலிபரப்பு தொடங்கப்பட்டு, திரைப்பாட்டு திரும்பி வந்தது.

வானொலியாளர் தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேறு வழியில் போனார். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் உழவர்களுக்கான நிகழ்ச்சிகளில் தொடங்கி, சென்னை நிலையத்தின் உதவி இயக்குநராக 2002இல் ஓய்வுபெற்றார். நிர்வாகப் பதவியை விட ‘இன்று ஒரு தகவல்’தான் அவரை வீடுதோறும் கொண்டுபோனது. சில நிமிடப் பேச்சு. விஷயம் கனமாக இருந்தாலும் குரலில் அலட்டல் இல்லை, முடிவில் ஒரு நகைச்சுவைக் கதை. அந்தச் சிரிப்பைக் கசப்பு மருந்துக்குத் தடவிய தேன் என்று எண்ணுவது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கதையைக் கேட்டுச் சிரித்தவர் தன்னையே பார்த்தும் சிரித்தார். இன்பமும் நலமும் அங்கே ஒரே செயல்.

எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் தருமபுரி பண்பலையைப் போன்ற மாவட்ட நிலையத்தில் இது தெளிவாகத் தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் உள்ள மாவட்டம் அது. பெண் சிசுக்கொலை காரணமாக 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டம் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களிலும் ஒன்று. இவற்றைப் பற்றிப் பேசச் சொல்லி நேயர் விருப்பக் கடிதம் வராது. வராததால் விட்டுவிடலாமா? இங்கே கேஸ்கரின் துணிவு கொஞ்சம் தேவைப்படுகிறது, அவருடைய மமதை தேவையில்லை.

வாசகத்தில் மீதமிருப்பது ‘பலர்’ என்னும் சொல். அந்தப் பலருக்குள் எல்லாரும் அடங்குவதில்லை. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் மறுபக்கம் மங்கிவிடும். தருமபுரி மாவட்டத்து மலைகளான சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எண்ணிக்கையில் சிலர். பலரின் விருப்பத்தை மட்டுமே எண்ணி நேரத்தைப் பங்கிட்டால் அவர்களுடைய பாட்டுக்கும் பயிருக்கும் இடமிராது. புத்தரின் வாக்கு அதோடு நின்றுவிடவில்லை. உலகின்மேல் கொண்ட இரக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. வானொலி அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சிப் பட்டியலில் கையெழுத்திடுபவர்தான் அதைத் தாமாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.