பழி குரங்குக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியதும் இலங்கை முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். ஊர் சிரித்தது. சிரிக்க முடியாத பகுதி புத்தளம் கரையோரத்தில், நுரைச்சோலையில் நடந்தது. அங்குள்ள அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் தாமாகவே நின்றுபோயின. அவற்றை மீண்டும் முழு மூச்சில் ஓடவைக்க நாட்கணக்கு பிடிக்கும். அடுத்த சில நாட்களில் ஒன்றரை மணி நேரம் வரை மின்வெட்டு.

நிறுத்தியது மனிதக் கை அல்ல, காப்பு ரிலே. சூழலை உணரி வழியே அறிந்து அதற்கேற்பச் செயற்படும் எதையும் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்கள் 'முகவர்' என்கின்றன. அந்த வரிசையில் ஆகக் கடைசிப் படியில் நிற்பது இந்த ரிலே. மீடிறன் 50 ஹெர்ட்ஸை விட்டு எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும், அவ்வளவுதான். கற்பிட்டியில் கரையேறிய மீனுக்கு ஐஸ் வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதைக் குற்றவாளி ஆக்க முடியுமா? துண்டிக்காமல் விட்டிருந்தால் சுழலியே சேதமாகி, நாட்களில் தீர்ந்த துன்பம் மாதங்களுக்கு நீண்டிருக்கலாம். அன்று விடுமுறை நாள். மின் தேவை குறைவு, கூரைச் சோலார் உற்பத்தியோ அதிகம்; அதனால் மின் வலையமைப்பு எளிதில் தளம்பும் நிலையில் இருந்தது. கூரையிலுள்ள இன்வெர்ட்டரும் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு சிறு முகவர்தான். தனித்தனியே பார்த்தால் யாரும் பிழை செய்யவில்லை. கூட்டாக நாட்டை விழுத்தினார்கள்.

ரசலும் நோர்விக்கும் 1995இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுப் பாடநூலில் ஒரு நுட்பம் உண்டு: முகவரின் செயல் நல்லதா என்று அளக்கும் கோலை முகவர் வைத்திருப்பதில்லை, வடிவமைப்பவர் வைத்திருக்கிறார். பொறுப்பும் அங்கேதான் போய் நிற்கிறது. 'இயந்திரம் தன் விதியைச் செய்தது' என்று கைகழுவுபவர், அந்த விதியை எழுதியவர் யார் என்ற கேள்வியிலிருந்து நழுவுகிறார்.

புத்திசாலியான முகவரை வைத்தால் தீருமா? மீடிறன் சரிந்தால் எந்த வழித்தடத்தை முதலில் வெட்டுவது என்ற ஒழுங்கு இப்போதும் உண்டு. அதை ஒரு கணினி ரூபாய்க் கணக்கில் தீர்மானித்தால், ஏழைகளின் தெருவே ஒவ்வொரு முறையும் முதலில் இருளும். கணக்கில் பிழையே இருக்காது. இரவில் காற்றூட்டும் சக்கரம் நின்றால் விடிவதற்குள் இறால் செத்து மிதக்கும் சிறு பண்ணைக்காரருக்கு அந்தத் துல்லியத்தால் என்ன பயன்? எந்தக் கோலால் அளக்கிறது என்று நமக்குத் தெரியாத புத்திசாலியைவிட, வெட்டும் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டிவைத்த மந்தமான ரிலே மேல்.

அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக்காக, கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. கட்டளையல்ல, வேண்டுகோள். கேட்டு அணைத்தவருக்கு அன்றைய வருமானம் போகும். கேளாத பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகாது. இந்த வேறுபாட்டை எந்த இன்வெர்ட்டரும் கணக்கில் எடுக்காது. வேண்டுகோள் விடுத்தவர்தான் தீர்த்துவைக்க வேண்டும்.