அசையாத அலை

(திருவொற்றியூரில் ஒரு மாலை. குரு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்; சீடன், எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பவன்.)

சீடன்: ஷிப்ட் முடிந்து நேரே வருகிறேன், ஐயா. கையில் கிரீஸ் கறை.

குரு: இருக்கட்டும். இந்தக் கறுப்பு என்ன, தம்பி?

சீடன்: மாலிப்டினம் டைசல்பைடு. மெல்லிய அடுக்குகள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; அதனால் கியர் தேயாது.

குரு: அதன் உறவுதான் டாண்டலம் டைசல்பைடு. அதன் அடுக்குகளில் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் அடர்ந்து, அடுத்த இடத்தில் அருகி, ஒழுங்கான இடைவெளியில் அமைகின்றன. இதுவே மின்னூட்ட அடர்த்தி அலை.

சீடன்: காசிமேட்டு அலை போலவா?

குரு: அது கரைக்கு ஓடும், இது நிற்கும். அணுக்களும் இடம் விலகி இதைத் தாங்குகின்றன. சுமார் 180 கெல்வினுக்குக் கீழே அடுக்கு முழுவதும் 13 டாண்டலம் அணுக்கள் கொண்ட கூட்டங்களாகும்: ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று, அதை நோக்கி நெருங்கிய 12. ஆறுமுனை நட்சத்திர வடிவம்.

சீடன்: சீராக இருப்பதுதானே இயல்பு? விலகினால் ஆற்றல் செலவாகுமே!

குரு: அணுக்களுக்குச் செலவுதான். ஆனால் அவை விலகுவதால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் குறைகிறது. செலவைவிட ஆதாயம் மிகுந்தால் அலை பிறக்கும். அணுச்சங்கிலிக்கு இதைச் சொன்னவர் இயற்பியலாளர் பையர்ல்ஸ். அடுக்குப் பொருள்களில் வில்சன், டி சால்வோ, மகாஜன் ஆகிய மூவரும் 1974இல் எலெக்ட்ரான் விளிம்பு விளைவைக் கொண்டு இதைக் காட்டினார்கள்.

சீடன்: என் கையிலிருக்கும் மாலிப்டினத்தில் ஏன் அலை இல்லை?

குரு: டாண்டலத்தைவிட அதற்கு வெளி எலெக்ட்ரான் ஒன்று கூடுதல். அதனால் அதன் ஆற்றல் பட்டை நிரம்பிவிட்டது, விலகினாலும் ஆதாயமில்லை.

சீடன்: அலை வந்தால் எல்லா எலெக்ட்ரான்களும் கட்டுண்டுவிடுமா?

குரு: இல்லை. நியோபியம் டைசெலினைடில் சுமார் 33 கெல்வினில் அலை எழுகிறது. ஆயினும் அது உலோகமாகவே நீடிக்கிறது. 7.2 கெல்வினில் அந்த அலையோடு, மின்தடையே இல்லாத மீக்கடத்தலும் சேர்ந்துகொள்கிறது. ஓர் ஒழுங்கு இன்னொன்றுக்கு இடம் விடுகிறது.

சீடன்: எண்ணூர் வெயிலில் அலை கலையாதா?

குரு: டாண்டலம் டைசல்பைடில் கலையாது. நட்சத்திரங்கள் திட்டுத்திட்டாகப் பிரிந்தாலும், சுமார் 350 கெல்வின் வரை தாங்கும். அதற்குமேல் நட்சத்திர அமைப்பு குலையும். இன்னும் சூடேற்றினால் அலையே மறையும்.

சீடன்: அப்படியானால் அந்தச் சூட்டில் காணும் சீர்மை அமைதியல்லவே, ஐயா!

குரு: அது கொதிப்பின் சராசரி. கொதிப்பு தணிந்தபின் அணுவும் எலெக்ட்ரானும் ஒன்றுக்கொன்று இணங்கிக் கண்ட வடிவம்தான் அமைதி. ஆகவே ஒன்று அடங்கியிருக்கிறதா என்று அறிய, சமமாக இருக்கிறதா என்று பார்க்காதே. எது எதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று கேள்.