பனிக்கட்டி புகட்டும் பாடம்

பாலர் வகுப்புகளில் திட, திரவ, வாயு நிலைகளைக் கற்பிக்கும் நம் அன்பர்கள் பலர், பனிக்கட்டியைக் காட்டிய மறுகணமே பரம்பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். குழந்தை முதலில் பனிக்கட்டியைப் பார்க்கட்டும்.

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு உபதேசித்த முறையை நினைவுகூர்வோம். உப்பை நீரில் இடச் செய்தார். மறுநாள் அதை எடுத்துவரச் சொன்னார், கண்ணுக்கு அகப்படவில்லை. மேலும் நடுவும் அடியுமாக நீரைச் சுவைக்கச் செய்தார், எங்கும் உப்பே. மைந்தனின் நாவே சாட்சியான பின்னர்தான் தத்துவம் உரைக்கப்பட்டது.

அவ்வாறே ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டித் துண்டுகளை இட்டு, இளஞ்சூட்டில் மெல்லக் கலக்கியபடி வெப்பமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். (காய்ச்சல் பார்ப்பது உதவாது, ஆய்வுக்கூடத்து வெப்பமானி வேண்டும்.) சூடு இடைவிடாது உட்செல்லும், ஆயினும் பனிக்கட்டி எஞ்சியிருக்கும் வரை அளவு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்குச் சுமார் 80 கலோரி வெப்பம் தேவை. உருகிய அந்நீரை 80 டிகிரி வரை சூடாக்க அதே வெப்பம் போதும்! அத்தனையும் வெளியே தெரியாமல், துகள்களின் பிணைப்பைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. 1760-களில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் ஆராய்ந்து கண்ட இதனையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். பல மாதம் ஜபம் செய்தும் மாற்றம் காணவில்லையே என்று வருந்தும் சாதகரும் இப்பாத்திரத்தின் அருகே சற்று அமரலாம்.

அடுத்து, கொதிக்கும் கெண்டியை எட்ட நின்று காட்டுங்கள். வெண்புகையாய்த் தெரிவதைப் பலரும் நீராவி என்பர். அது குளிர்ந்து திரண்ட நுண்ணிய நீர்த்துளிகளே. கெண்டியின் மூக்கை ஒட்டி, ஒன்றுமே இல்லாதது போல் தோன்றும் இடத்தில்தான் உண்மையான நீராவி உள்ளது.

எல்லையற்ற சச்சிதானந்தக் கடல், பக்தியின் குளிர்ச்சியால் ஆங்காங்கே உறைந்து உருவம் கொள்வதையும், ஞானசூரியன் உதித்ததும் உருகிவிடுவதையும் ஸ்ரீராமகிருஷ்ணர் எடுத்துரைப்பதுண்டு. உருவமும் அருவமும் ஒன்றே என உணர்த்த எழுந்த உவமை அது. அதனை அறிவியல் சான்றாக்கிக் குழந்தையிடம் வைத்தால் அறிவியலுக்கும் நியாயமில்லை, குருதேவருக்கும் நியாயமில்லை.

கட்டி எங்கே போயிற்று என்று குழந்தை கேட்கும். மூடிய கிண்ணம் ஒன்றில் பனிக்கட்டியை இட்டு, உருகுமுன் ஒருமுறையும், புறத்தே படிந்த ஈரத்தைத் துடைத்து உருகியபின் ஒருமுறையும் எடைபோடச் செய்யுங்கள். பெயரும் வடிவும் மாறியும் பொருள் மாறவில்லை என்பதை அதுவே சொல்லும். சொல்லாவிடில், அடுத்த வாரமும் பனிக்கட்டி வாங்கி வாருங்கள்.