தோற்றவர் பக்கம் நின்று பாடிய ஆழ்வார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இராவணன் பக்கம் நின்று ஸ்ரீராமாயணத்தை மறுபடி சொல்லும் நூல்கள் இன்று பெருகியுள்ளன. இது புதிய வழக்கமன்று. 1861-இல் மைக்கேல் மதுசூதன தத்தர் வங்கமொழியில் இந்திரஜித்தின் வதத்தைக் காவியமாக்கினார். 1946-இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வெளிவந்தது. 1948-இல் அரசு அதைத் தடை செய்தது, 1971-இல் தடை நீங்கியது. இத்தகைய கதைகளைப் படித்த நம் பிள்ளைகள், "இராவணனும் நல்லவன்தானே?" என்று நம்மைக் கேட்கிறார்கள். அபசாரம் என்று வாயடைப்பது அதற்கு விடையாகாது.

இராவணனுக்குப் பெருமைகள் உண்டு என்பதை வால்மீகி பகவான் மறைக்கவில்லை. அவன் சபையில் கட்டுண்டு நின்ற திருவடி, அவனுடைய உருவையும் தைரியத்தையும் தேஜஸ்ஸையும் கண்டு வியக்கிறார். அதர்மம் மட்டும் இல்லையாகில் இவன் தேவலோகத்துக்கே காவலனாக இருக்கத் தகுந்தவன் என்று எண்ணுகிறார். மண்டோதரியின் புலம்பலையும் முனிவர் விரிவாகவே பாடியிருக்கிறார். பெருமாளோ, பகை மரணத்தோடு முடிந்தது என்று சொல்லி, அவனுக்குச் செய்ய வேண்டிய சம்ஸ்காரத்தைச் செய்யும்படி விபீஷணாழ்வானை நியமித்தருளினார். ஆகவே வீழ்ந்தவனிடம் இரக்கம் கொள்வது நம் ஸம்ப்ரதாயத்துக்கு விரோதமன்று.

பிழை வேறிடத்தில் நேருகிறது. கதையை இராவணன் கண்வழியே காணும்போது, தங்கையின் அவமானமும் மைந்தரை இழந்த துயரும் அருகே தெரிகின்றன. அசோகவனம் தொலைவில் மங்கிப் போகிறது. 12 மாதத் தவணையில் 2 மாதமே எஞ்சியிருக்க, உயிர் விடவும் துணிந்து நின்ற பிராட்டியின் துயரம் ஓர் ஓரத்துச் செய்தியாகிவிடுகிறது. "அவன் அவளைத் தீண்டவில்லையே" என்று அவனுக்குப் புகழும் சேர்க்கிறார்கள். விருப்பமில்லாத பெண்ணை வலிய அடைந்தால் தலை நூறாய்ச் சிதறும் என்ற பிரமனின் சாபமே தன்னைத் தடுக்கிறது என்று யுத்தகாண்டத்தில் இராவணனே மஹாபார்ச்வனிடம் சொல்கிறான். அச்சத்தால் விளைந்த அடக்கத்தை ஒழுக்கமென்று கொள்ளலாமோ?

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுபவர் திருமங்கையாழ்வார். பெரிய திருமொழியில் பத்தாம் பத்தின் இரண்டாம் திருமொழியையும் மூன்றாம் திருமொழியையும், தோற்ற அரக்கர்களின் வார்த்தையாகவே அவர் அருளிச்செய்திருக்கிறார். வென்ற முதலிகளின் களிப்பை விட்டு, அஞ்சி நடுங்கி உயிர்ப்பிச்சை கேட்பவரின் நிலையை அவர் ஏறிட்டுக்கொண்டார். அவர்கள் நிலை நம் நெஞ்சை உருக்குகிறது. ஆனால் தண்டகாரணியம் புகுந்து பிராட்டியைக் கொண்டுபோந்ததாலேயே தங்கள் அரசன் கெட்டான் என்பதை அவர்கள் வாயாலேயே ஆழ்வார் சொல்லுவிக்கிறார். எதிரியின் பக்கம் நின்று பாடும்போதும் சிறையிருந்தவளை அவர் மறக்கவில்லை.

சிறையிருந்த அவளுடைய ஏற்றத்தையே ஸ்ரீராமாயணம் பேசுகிறது என்பது பிள்ளை லோகாசார்யர் திருவுள்ளம். அவளே இராவணனுக்கு, பெருமாளோடு நட்புக் கொள் என்று ஹிதம் சொன்னாள். தன்னை நலிந்த அரக்கியரைத் தண்டிக்கத் திருவடி முற்பட்டபோது தடுத்துக் காத்தாள். குற்றவாளிக்காக உண்மையில் இரங்கியவள் அவளே. அவன் குற்றத்தைக் குற்றமன்று என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆகையால் நம் பிள்ளைகள் அந்நூல்களைப் படிக்கட்டும். படித்து முடித்ததும் ஒரு கேள்வியை அவர்கள் முன் வைப்போம்: "இந்தக் கதையில் பிராட்டி எங்கே இருக்கிறாள்? அவள் அழுகை உனக்குக் கேட்டதா?" அதன்பின் அவ்விரு திருமொழிகளையும் அவர்களோடு சேர்ந்து அநுஸந்திப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.