இலாபமும் மனச்சாட்சியும்

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு மிளகு மூட்டையை ஏற்றும்போது உமது மனச்சாட்சி என்ன சொல்கிறது? அரைகுறையாகக் காய்ந்ததோடு பப்பாசி விதையையும் கலந்தால் நிறை கூடும். கண்ணுக்கு உடனே தெரியாது. “எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும்?” என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் துவிச்சக்கரவண்டி செய்யும் ஒருவரை இங்கே நினைக்கிறேன். கிராண்ட் பீற்றர்சன், பிரிஜ்ஸ்டோன் கம்பனியின் அமெரிக்கச் சைக்கிள் பிரிவில் வேலை பார்த்தவர். 1994இல் அப்பிரிவு மூடப்பட்டதும் கலிபோர்னியாவில் ரிவெண்டெல் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். உலகமோ பாரங் குறைந்த காபன் நார்ச் சட்டங்களை நாடி ஓடியது. அவர் உருக்குக் குழாயை விட்டு அசையவில்லை. உருக்கு முறியுமுன் பெரும்பாலும் அடையாளங் காட்டும், காபன் திடீரெனக் கைவிடக்கூடும் என்பது அவர் கட்சி. சாதாரணமாகச் சைக்கிள் ஓடுபவனுக்குப் பந்தயக்காரனின் உடையும் விசேட சப்பாத்தும் வேண்டியதில்லை என்று 2012இல் ஒரு நூலும் எழுதினார். சைக்கிள் வியாபாரியே இப்படிச் சொல்வதா! அவற்றை விற்றால் வரும் இலாபம் சிறிதா?

அவர் வண்டி மலிவானதன்று. நம் தோட்டத் தொழிலாளி அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே நேர்மை வசதியுள்ளோருக்கே கட்டுபடியாகும் என்பீர். இந்த ஆட்சேபத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கடன்பட்டவனுக்கு ஒரு கிலோ நிறை என்பது ஒருநாட் சோறு. ஆயினும் பீற்றர்சனும் பெருங் கம்பனிகளின் நடுவே சிறியவரே. செய்யும் பொருளின்மேல் வைத்த ஆசையே அவரைக் காத்தது என்று எண்ணுகிறேன். சூசையப்பர் செய்த நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கியிருக்கும் என்று நம்மால் எண்ணவும் முடியுமா?

உமது முற்றத்துப் பாயில் மிளகு கிடக்கிறது. இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்பது உமக்குத் தெரியும். அதை அரைத்துக் குழம்பில் போடப்போகிறவளுக்குத் தெரியாது.