முதுகெலும்பு முறிந்தவரின் ஒளுவும் தொழுகையும்



மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிவது, நம் ராஜகுளம் போன்ற சிற்றூர்களில் உழைத்துப் பிழைக்கும் எவருக்கும் நேரக்கூடியதே. அப்படி விழுந்தவருக்குக் கால் முடங்கியது மட்டும் சோதனையன்று. சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மூளைக்குப் போவது தண்டுவடத்தின் வழியாகத்தான். அது பழுதானால் சிலருக்குச் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு வெளியேறாமல் தேங்கும்.

'நஜீஸோடு கிடக்கும் எனக்கு ஏது தொழுகை?' என்று வெட்கித் தொழுகையை விட்டு விடுவோர் உண்டு. நனையக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைப்போரும் உண்டு. இரண்டும் தவறு. முன்னது ஈமானுக்குக் கேடு; பின்னது உடலுக்குக் கேடு.

தொடர் உதிரப்போக்கால் தவித்த பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். மாதவிடாய் நாட்கள் நீங்கலாக, கழுவிக்கொண்டு தொழுமாறே நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஓயாமல் சிறுநீர் சொட்டுகிறவருக்கும் இமாம்கள் இவ்வழியிலேயே சட்டம் வகுத்தார்கள். ஹனபி மத்ஹபில் அவர் 'மஃதூர்'. வக்து வந்ததும் ஒளுச் செய்தால், வேறு காரணத்தால் ஒளு முறியாத வரை, அந்த வக்து முடியும்வரை தொழலாம். ஷாபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் கழுவி, துணி கட்டி, ஒளுச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும்; ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளு. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பது தொழுகைக்குத் தடையன்று.

இனி உடலைப் பார்ப்போம். தேங்கிய சிறுநீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முற்காலத்தில் முதுகெலும்பு முறிந்தோர் பலர் மாண்டது இதனால்தான். மெல்லிய குழாயை நாள்தோறும் நாலைந்து முறை தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் எடுத்துரைத்தார். சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்றார். இதை மருத்துவமனையில் பழகிக்கொண்டவர் இடைவேளையில் கசிவின்றி இருந்தால், அவர் மஃதூரே அல்லர். மற்றவரைப் போல ஒளுச் செய்து தொழலாம். பாங்கோசையே அவருக்கு நேரம் காட்டும். சுபுஹுக்கும் ளுஹருக்கும் நடுவிலும், இஷாவுக்குப் பின் இரவிலும் இடைவெளி நீளம். அங்கே மருத்துவர் சொல்படி ஒரு வேளை கூட்டிக்கொள்ள வேண்டும். குளிர்காய்ச்சல் கண்டாலோ சிறுநீர் கலங்கி நாறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்படி வாழ முடியுமா என்று ஐயுறுவோர் வேலூரைப் பார்க்கட்டும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுவதற்கும் காரணமானார். 1986-ல் மறையும்வரை 32 ஆண்டுகள் அப்படி வாழ்ந்தார்.

ஜமாஅத்தார்களே! பள்ளிவாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளமும், அது நுழையும் அகலத்தில் ஒரு கழிவறையும் நம்மால் கட்ட முடியாதா? ஏழையாயிருப்பவரின் குழாய்ச் செலவுக்கு ஜகாத் தரக் கூடாதா? படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது மூக்கைப் பொத்தாதிருப்பதும் ஒரு தர்மமே.

சோதனையில் இருப்போருக்குப் பொறுமையையும், நமக்கு இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.